பெயரில் எஞ்சும் தொழில்: தாராவியின் கும்பார்வாடாவில் ஒரு பகல்

மும்பையில் கும்பார்வாடா என்ற பெயரில் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று தென்மும்பையில், புலேஷ்வரை அடுத்த பழைய நகரப் பகுதியில் இருக்கிறது. மற்றொன்று தாராவியில் இருக்கிறது. முதலாவதில் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. இரண்டாவதில் பெயருக்குரிய தொழிலும் இருக்கிறது. கைவினைக் குடியிருப்புகளின் வரலாற்றைப் படிப்பவர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

'கும்பகார' என்னும் வடசொல் பிராகிருதத்தில் இடைமெய் தேய்ந்து, குஜராத்தியிலும் மராத்தியிலும் 'கும்பார்' ஆயிற்று. குடம் வனைபவர் என்பது பொருள். 'வாடா' என்பது குடியிருப்பைக் குறிக்கும். தமிழகத்திலும் இத்தகைய பெயர்கள் பல. சென்னையின் கொசப்பேட்டை 'குயவர்' என்பதன் பேச்சு வடிவமான 'குசவர்' என்பதிலிருந்து வந்தது. உயிர் 'உசிர்' ஆவதும் மயிர் 'மசிர்' ஆவதும் இதே யகர சகர மாற்றத்தால்தான். கொசப்பேட்டையில் விநாயகர் சதுர்த்திக்கும் கொலுவுக்கும் மண்ணுருவங்கள் இன்றும் செய்யப்படுகின்றன. மாறாக, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர் மார்ட்டன் பிட் 1734-இல் நெசவாளர்களுக்கென நிறுவிய சிந்தாதிரிப்பேட்டை, 'சின்னத் தறிப் பேட்டை' என்ற பெயரின் திரிபு எனப்படுகிறது. இன்று அங்கே தறியோசை கேட்பதில்லை. இப்படித் தொழில் போன பின்னும் பெயர் பல தலைமுறைகள் நிற்கக்கூடும். ஆகவே ஓர் இடத்தின் பெயரைக் காப்பதும் அதன் தொழிலைக் காப்பதும் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டை நேரில் அறிய விரும்பும் ஒருவர் ஐரோலியிலிருந்து காலையில் புறப்பட்டால், டிரான்ஸ் ஹார்பர் வழித்தடத்தில் தாணே வந்து, மத்திய ரயில்வேயின் வண்டி மாறி, சயானில் இறங்கலாம். நிலையத்துக்கு மேற்கே தாராவி தொடங்குகிறது. சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் மேற்கு நோக்கி நடந்தால் பேருந்துப் பணிமனையை ஒட்டிக் கருங்கல் கோட்டை ஒன்று நிற்கிறது. மக்கள் வழக்கில் அது காலா கில்லா. ஆளுநர் ஜான் ஹார்னின் ஆணைப்படி 1737-இல் கட்டப்பட்டதாக அதன் கல்வெட்டு கூறுகிறது. அப்போது கழிமுகத்துக்கு அப்பால் இருந்த சால்செட் தீவு போர்த்துக்கீசியர் வசம் இருந்தது. அதே ஆண்டில் மராத்தியர் அதன்மீது படையெடுத்தனர். ஆங்கிலேயரின் பம்பாய்க்குத் தாராவி எல்லை நிலம். எல்லையோரத்துச் சதுப்பு என்பதால்தான் பின்னாளில் நகரம் தனக்கு வேண்டாத தொழில்களை அங்கே தள்ளியது.

அந்தச் சதுப்பு மனிதர் இல்லாத நிலமாக இருக்கவில்லை. 1909-இல் வெளிவந்த பம்பாய் நகர அரசிதழ்ச்சுவடி, தாராவியைப் பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. கோலியர் மீனவர், ஓடையும் கழிமுகமும் அவர்களின் தொழிற்களம். சதுப்பு தூர்க்கப்பட்டதும் நீர் கெட்டதும் மீன்பிடி தேய்ந்தது. தாராவி கோலிவாடாவில் குடியிருப்பும் கோயிலும் விழாவும் தொடர்கின்றன. ஆனால் பெயர் குறிக்கும் தொழிலின் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

கோட்டையை அடுத்த சாலையோரத்தில் தோல்பைகள், இடைவார்கள், மேற்சட்டைகள் விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. தமிழ் வாசகருக்கு நெருக்கமான பகுதி இது. தாராவியின் முதல் தோல் பதனிடும் கூடம் 1887-இல் வந்தது. தமிழ்நாட்டு முஸ்லிம் தோல் வணிகர்களும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உழைப்பாளர்களும் அத்தொழிலை வளர்த்தனர். படி மசூதி அதே ஆண்டைச் சேர்ந்தது. தமிழர் நிறுவிய பிள்ளையார் கோயில் 1913-ஐச் சேர்ந்தது. குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு 1924-இல் மாநகராட்சிப் பள்ளி வந்தது. ஒரு தொழில் தனக்குரிய வழிபாட்டிடத்தையும் பள்ளியையும் மொழியையும் சேர்த்தே கொண்டுவந்து ஓர் ஊரை உருவாக்கிய வரலாறு இது.

'பதனிடுதல்' என்ற தமிழ்ச்சொல் இங்கே நினைக்கத்தக்கது. சோற்றுக்கும் பாகுக்கும் மண்ணுக்கும் தோலுக்கும் பொதுவான 'பதம்' அதில் இருக்கிறது. ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை எவ்வளவு காலம் ஊறவிடுவது, எப்போது எடுப்பது என்பதைக் கையும் மூக்கும் அறியும் அறிவே பதம். 1970களின் தொடக்கத்தில் பாந்த்ராவின் கசாப்புக்கூடம் தேவநாருக்கு மாற்றப்பட்டது. பச்சைத் தோல் வரும் வழி மாறியது. பதனிடும் கூடங்களும் படிப்படியாக வெளியேறின. வெட்டுதலும் தைத்தலும் விற்பனையும் தங்கின. தோலைப் பதமறிந்து உருவாக்கும் அறிவு தாராவியிலிருந்து பெரிதும் அகன்றது. ஒரு கைத்தொழில் ஒரே நாளில் அழிவதில்லை. அதன் ஒரு படிநிலை இடம்பெயர்ந்தால் மற்றவை வேறொன்றாக மாறிவிடுகின்றன என்பதற்கு இது சான்று.

நண்பகலில் தொண்ணூறடிச் சாலை வழியே கும்பார்வாடாவை அடையலாம். சௌராஷ்டிரத்திலிருந்து வறட்சியாலும் பிழைப்பு தேடியும் வந்த குயவர்கள் முதலில் தென்மும்பையில் குடியேறினர். நகரம் வளர வளர அவர்களின் சூளைப்புகை நகரத்தாருக்கு இடையூறானது. வடக்கே வடக்கே நகர்த்தப்பட்டு, 1930களில் தாராவியில் நிலைகொண்டனர். தாராவி கும்பார்வாடாவே ஓர் இடப்பெயர்ச்சியின் விளைவு.

இங்குள்ள வீட்டின் அமைப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நீண்டு ஒடுங்கிய வீட்டின் ஒரு வாயில் சந்தைத் தெருவை நோக்குகிறது. மறுவாயில் சூளை முற்றத்தில் திறக்கிறது. மண் ஒரு பக்கம் வந்து, பிசையப்பட்டு, சக்கரத்தில் உருப்பெற்று, நிழலிலும் வெயிலிலும் உலர்ந்து, சூளையில் வெந்து, மறுபக்கத் தெருவில் விலைக்கு நிற்கிறது. சக்கரம் பெரும்பாலும் ஆண்களின் கையில். மண் பதப்படுத்துவதும் அகல்களுக்கு வண்ணம் தீட்டுவதும் பெண்களின் வேலை. சூளை தனி ஒருவரின் சொத்தாக அன்றிப் பல குடும்பங்களின் பொதுவுடைமையாக இயங்குகிறது. எரிபொருளாகத் தையற்கூடங்களின் துணிக்கழிவும் பஞ்சுக்கழிவும் மரத்தூளும் பயன்படுகின்றன. அண்டைத் தொழிலின் கழிவு இத்தொழிலின் விறகு.

கோடைக்கு நீர்ப்பானை, நவராத்திரிக்குக் கர்பா பானை, தீபாவளிக்கு அகல் என்று ஆண்டு முழுவதும் உற்பத்தி விழாக்களின் நாட்காட்டியைப் பின்பற்றுகிறது. தொண்ணூறடிச் சாலையில் தமிழர்கள் பொங்கலிடும்போது பானைக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. குஜராத்தி பேசும் விற்பவருக்கும் தமிழ் பேசும் வாங்குபவருக்கும் இடையே மும்பை இந்தியில் பேரம் நடக்கிறது. 'பானை' அங்கே 'மட்கா' ஆகிறது, 'சூளை' 'பட்டி' ஆகிறது.

இந்த ஊருக்கு உலகில் ஒப்புமை தேடினால் பல்கேரியாவின் பால்கன் மலைச்சரிவில் உள்ள காப்ரோவோ நினைவுக்கு வரும். ஒட்டோமான் ஆட்சியில் கொல்லர், குயவர், கம்பள நெசவாளர், தோல் தொழிலாளர் எனப் பல கைவினையாளர்களால் செழித்த ஊர் அது. 1878-இல் நாடு விடுதலை பெற்றபின் பழைய ஒட்டோமான் சந்தை கைநழுவியது. ஐரோப்பிய ஆலைப் பொருட்கள் வந்து குவிந்தன. காப்ரோவோ கம்பளி ஆலைகளுக்கு மாறி 'பல்கேரியாவின் மான்செஸ்டர்' என்று பெயர் பெற்றது. மறைந்த கைத்தொழில்களை மீட்கும் முயற்சியாக அருகிலுள்ள எதாரில் 1964-இல் திறந்தவெளி அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. ஓடைநீரால் இயங்கும் பட்டறைகளையும் பணியிலிருக்கும் கைவினைஞர்களையும் வருகையாளர்கள் அங்கே ஒரே நாளில் கண்டு திரும்புகின்றனர். அங்கே தொழில் முதலில் மறைந்தது. அருங்காட்சியகம் பிறகு வந்தது. தாராவியில் தொழில் இன்னும் மறையவில்லை. அதனால்தான் அதைக் காட்சிப்பொருளாகக் காப்பதைவிட வாழ்வாதாரமாகக் காப்பது முதன்மையான கேள்வியாகிறது.

அந்தக் கேள்வி இப்போது அவசரமானது. 1985-இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு அறிவித்த 100 கோடி ரூபாயின் ஒரு பகுதியில் தொடங்கி, 2004-இல் மாநில அரசின் மறுசீரமைப்புத் திட்டம் வழியாக, 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் வென்றது வரை தாராவியை மாற்றும் முயற்சிகள் தொடர்கின்றன. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்பது திட்டத்தின் வாக்குறுதி. கழிவறையும் குழாய்நீரும் உறுதியான கூரையும் தாராவி மக்களின் நியாயமான உரிமை. வறுமையை மரபு என்று போற்றுவது எளிது, அதில் வாழ்வது எளிதன்று. சூளைப்புகை அண்டையாரின் நுரையீரலைக் கெடுக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் 350 சதுர அடி என்ற அளவு வசிப்பிடத்தை மட்டுமே அளக்கிறது. ஈரப்பானையை ஏழாம் மாடிக்கு ஏற்ற இயலாது. உலர்த்தும் முற்றத்தையும் பொதுச் சூளையையும் தெருவாயிலையும் தனித்தனி வீட்டுக் கணக்கில் பிரித்துக் கொடுக்க வழியில்லை. புகைவிடும் சூளை மாசுதரும் தொழில் என்று வகைப்படுத்தப்பட்டு வெளியே அனுப்பப்பட்டால், தோல் தொழிலுக்கு நேர்ந்ததே மண் தொழிலுக்கும் நேரும். புகை குறைந்த எரிவாயுச் சூளைகளைக் குடும்பங்கள் பொதுவில் நடத்தவும், தரைத்தளத்தில் பட்டறையும் முற்றமும் சேர்ந்தே அமையவும் திட்டம் இடமளித்தால், நல்ல வீடும் தொழிலும் ஒன்றுக்கொன்று பகையாக வேண்டியதில்லை. இதை முடிவு செய்யும் அளவீட்டில் வசிப்போரின் எண்ணிக்கையோடு, தொழிலின் படிநிலைகளும் அவற்றுக்கு வேண்டிய இடமும் பதிவாக வேண்டும். வரலாற்று மாணவரும் மொழியியல் மாணவரும் உதவக்கூடிய பணி இதுவே: குயவர் வாயிலிருந்து அவர்களின் தொழிற்சொற்களை, அச்சொற்கள் சுட்டும் இடங்களோடும் செயல்களோடும் சேர்த்து இப்போதே ஆவணப்படுத்துவது.

மாலையில் சயான் திரும்பும் வழியில், காலைநேரத்து ஈரப்பானைகள் முற்றத்தில் வெளுத்து உலர்ந்திருப்பதைக் காணலாம். அந்த முற்றம் போய்விட்டால், கும்பார்வாடா என்ற பெயர் ஏதேனுமொரு கட்டடத்தின் முகப்பில் இருக்கக்கூடும். மும்பையில் அந்தப் பெயர் ஏற்கெனவே ஒருமுறை அப்படித் தனித்து நின்றிருக்கிறது.