நைட்ரஸ் பட்டனை அழுத்தினால் கார் நிஜமாகவே பறக்குமா? சிலிண்டர் பொருத்துவது முதல் ட்யூனிங் வரை நடப்பது என்ன?

ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு பட்டன். அதை அழுத்தினால் இரண்டு பக்கமும் விளக்குகள் கோடுகளாக மாறி, கார் ராக்கெட் மாதிரி பாயும். 2001-ல் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ முதல் பாகம் வந்ததில் இருந்து நைட்ரஸ் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். நிஜத்தில் அந்த பட்டனுக்குப் பின்னால் சிலிண்டர், வால்வு, ஊசித்துளை, பெட்ரோல் அழுத்தம், ஸ்பார்க் பிளக் என ஒரு முழு சங்கிலி இருக்கிறது. அதில் ஒரு கண்ணி பிசகினாலும் சில விநாடிகளில் இன்ஜின் காலி.

நைட்ரஸ் என்பது எரிபொருளா?

இல்லை. பலர் தவறாக நினைப்பது இதைத்தான். நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியாது. பல் மருத்துவர்கள் மயக்கத்துக்குக் கொடுக்கும் ‘சிரிப்பு வாயு’வும் இதுதான். நாம் சுவாசிக்கும் காற்றின் எடையில் ஆக்சிஜன் சுமார் 23 சதவீதம். நைட்ரஸ் ஆக்சைடில் அது 36 சதவீதம். இன்ஜினுக்குள் இருக்கும் கடும் வெப்பத்தில் இந்த வாயு பிரிந்து கூடுதல் ஆக்சிஜன் கிடைக்கிறது. ஆக்சிஜன் கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். பவர் வருவது அந்தக் கூடுதல் பெட்ரோலில் இருந்துதான்.

இன்னொரு லாபமும் உண்டு. திரவ நைட்ரஸின் கொதிநிலை மைனஸ் 88 டிகிரி செல்சியஸ். வெளியே வந்ததும் சட்டென ஆவியாகி, உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் அதிலும் கொஞ்சம் பவர் கிடைக்கிறது.

இது ரேஸ் பிரியர்களின் கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போரில் காற்று மெலிந்த உயரங்களில் பறக்க ஜெர்மனி தன் போர் விமானங்களில் இதைப் பயன்படுத்தியது. அந்த அமைப்புக்கு ‘ஜிஎம்-1’ என்று பெயர். பல ஆண்டுகள் கழித்து, 1978-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘நைட்ரஸ் ஆக்சைடு சிஸ்டம்ஸ்’ நிறுவனம்தான் இதை சாதாரண கார்காரர்களின் கைக்குக் கொண்டுவந்தது. ‘நாஸ்’ என்ற பெயர் வந்தது அங்கிருந்துதான்.

டிரையா, வெட்டா?

நைட்ரஸ் கிட்டில் பிரதானமாக இரண்டு வகை. ‘வெட்’ கிட்டில் நைட்ரஸும் கூடுதல் பெட்ரோலும் ஒரே நாசில் வழியாகச் சேர்ந்து தெளிக்கப்படும். ‘டிரை’ கிட்டில் நைட்ரஸ் மட்டும் போகும். கூடுதல் பெட்ரோலை காரின் சொந்த இன்ஜெக்டர்களே கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி நாசில் வைக்கும் ‘டைரக்ட் போர்ட்’ முறையும் உண்டு. அது பெரும்பாலும் ரேஸ் கார்களுக்கானது.

உதாரணத்துக்கு அமெரிக்காவின் ஃபோர்டு மஸ்டாங் 5.0-ஐ எடுத்துக்கொள்வோம். 1987 முதல் 1992 வரை வந்த அந்த வி8 இன்ஜினின் திறன் 225 குதிரைத்திறன். அங்கே சாலையில் ஓடும் கார்களில் நைட்ரஸ் அதிகம் ஏறிய மாடல்களில் இதுவும் ஒன்று. இதில் ‘100 ஷாட்’ வைத்தால், பட்டன் அழுத்திய நொடியில் சுமார் 100 குதிரைத்திறன் கூடும். கிட்டத்தட்ட பாதி இன்ஜின் கூடுதலாக வந்து உட்கார்வது போல.

பொருத்துவது எப்படி?

சிலிண்டர் வழக்கமாக டிக்கியில்தான் இருக்கும். பலரும் வாங்குவது 10 பவுண்டு, அதாவது சுமார் நாலரை கிலோ வாயு பிடிக்கும் சிலிண்டர். இதை இஷ்டத்துக்குப் படுக்க வைக்க முடியாது. உள்ளே ஒரு உறிஞ்சு குழாய் அடிப்பகுதி வரை போகிறது. கார் வேகமெடுக்கும்போது திரவம் பின்பக்கம் ஓடும். குழாயின் வாய் அந்த இடத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் வால்வு காரின் முன்பக்கம் பார்த்து, சற்று மேலே தூக்கிய சாய்வில், லேபிள் மேலே தெரியும்படி வைக்கச் சொல்கிறார்கள். தலைகீழாக வைத்தால் திரவத்துக்குப் பதில் ஆவி வரும், பவர் விட்டுவிட்டு வரும்.

சிலிண்டரில் அழுத்தம் எல்லை மீறினால் உடைந்து வாயுவை வெளியேற்ற ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கிறது. அந்த வாயு காருக்குள் பரவினால் ஆக்சிஜன் இல்லாமல் ஓட்டுநர் மயங்கலாம். எனவே அதிலிருந்து ஒரு குழாயை காருக்கு வெளியே விடுவது கட்டாயம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் விடுவது இதைத்தான்.

முன்பக்கம் இரண்டு சொலினாய்டுகள் இருக்கும். மின்சாரம் வந்தால் திறக்கும், நின்றால் மூடும் வால்வுகள் இவை. ஒன்று நைட்ரஸுக்கு, ஒன்று பெட்ரோலுக்கு. இணைப்புகளில் பிளம்பர் பயன்படுத்தும் டெஃப்லான் டேப்பைச் சுற்றவே கூடாது. அதன் ஒரு சின்னத் துணுக்கு சொலினாய்டுக்குள் சிக்கினால் வால்வு மூடாது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்த பிறகும் நைட்ரஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

படத்தில் ஒரே பட்டன்தான். நிஜத்தில் அது பல சுவிட்ச்களில் ஒன்று மட்டுமே. முதலில் மெயின் சுவிட்ச். அடுத்தது, ஆக்சிலரேட்டர் முழுதாக மிதித்திருந்தால் மட்டும் வேலை செய்யும் சுவிட்ச். பிறகு ‘விண்டோ சுவிட்ச்’. இது இன்ஜின் சுமார் 3,000 ஆர்பிஎம்-ஐத் தாண்டிய பிறகே நைட்ரஸைத் திறந்து, உச்ச வேகத்துக்குச் சற்று முன்பே மூடிவிடும். குறைந்த ஆர்பிஎம்-இல் நைட்ரஸ் போனால் பிஸ்டன் மெதுவாக நகரும்போதே அழுத்தம் எகிறி, கனெக்டிங் ராடு வளையலாம். உச்சத்தில் வேறு பிரச்சினை. வேகக் கட்டுப்பாட்டுக்காக கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தும், நைட்ரஸ் நிற்காது. பெட்ரோல் இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் கொட்டினால் பிஸ்டன் உருகிவிடும்.

ட்யூனிங்கில் என்ன செய்கிறார்கள்?

எல்லா கணக்கும் ஒரே கேள்வியில் அடங்கும்: நைட்ரஸுக்கு ஏற்ற பெட்ரோல் போகிறதா? இதைத் தீர்மானிப்பது ‘ஜெட்’ எனப்படும் சின்னத் துளை. ஜெட்டில் 52 என்று எண் இருந்தால் துளையின் விட்டம் 0.052 அங்குலம். நைட்ரஸுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று என ஜோடியாக மாற்ற வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் கிட்டில் இருக்கும் மிகச் சிறிய ஜோடியில் இருந்துதான் தொடங்குவார்கள். பெட்ரோல் பம்ப் அந்தக் கூடுதல் தேவையைத் தாங்குமா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுவார்கள்.

அடுத்தது இக்னிஷன் டைமிங். நைட்ரஸ் இருந்தால் எரிதல் வேகமாகும். எனவே ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் சுமார் 2 டிகிரி டைமிங்கைத் தாமதப்படுத்துவது பொது வழக்கம். நம் மஸ்டாங்கில் 100 ஷாட் என்றால் 4 டிகிரி. ஸ்பார்க் பிளக்கும் ஒரு படி ‘கோல்டு’ ரகமாக மாற வேண்டும். இடைவெளியும் குறைய வேண்டும். உயர் ஆக்டேன் பெட்ரோல் கட்டாயம். இவற்றைத் தவிர்த்தால் வருவது நாக்கிங். டர்போ காரில் நாக்கிங் வந்தால் சுதாரிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கலாம். நைட்ரஸில் காதுக்குக் கேட்கும் முன்பே பிஸ்டன் உடைந்திருக்கும்.

ஓட்டம் முடிந்ததும் உடனே இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது பழைய முறை. பீங்கான் வெள்ளையாகி, மேலே பளபளக்கும் துகள்கள் ஒட்டியிருந்தால் பிஸ்டனின் அலுமினியம் கரைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இப்போது எக்ஸாஸ்ட்டில் சென்சார் வைத்து காற்று-பெட்ரோல் விகிதத்தை நேரடியாகவே பார்க்கலாம். ஆனாலும் அனுபவசாலிகள் பிளக் பார்ப்பதை விடவில்லை.

சிலிண்டர் அழுத்தமும் சென்னை வெயிலும்

செய்த ட்யூனிங் அப்படியே நிற்க சிலிண்டரில் 900 முதல் 950 பிஎஸ்ஐ வரை அழுத்தம் வேண்டும். குறைந்தால் பெட்ரோல் மிகுந்து கார் மந்தமாகும். கூடினால் நைட்ரஸ் மிகுந்து இன்ஜின் ஆபத்தில் மாட்டும். 20 டிகிரி செல்சியஸில் அழுத்தம் 730 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். குளிர் பிரதேசங்களில் சிலிண்டரைச் சுற்றி ஹீட்டர் கட்டுவது இதனால்தான். கேஸ் டார்ச்சால் சூடாக்கும் வீடியோக்கள் வெறும் விபரீதம்.

நம் ஊருக்குப் பிரச்சினை நேர் எதிர். 30 டிகிரியிலேயே தேவையான அழுத்தம் வந்துவிடும். 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாக இருக்கவே முடியாது. அதன் பிறகு அழுத்தம் கிடுகிடுவென ஏறும். மே மாத மதியத்தில் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி இந்த எல்லையை எளிதாகக் கடந்துவிடும்.

மீட்டரில் அழுத்தம் நன்றாக இருப்பதால் வாயு நிறைய இருக்கிறது என்றும் நினைக்க முடியாது. உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை மீட்டர் ஒரே அளவைத்தான் காட்டும். வீட்டு கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறோமே, அதே வழிதான். எடை போட்டால்தான் தெரியும். 100 ஷாட்டுக்கு 10 விநாடியில் ஒரு பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும் என்பது தோராயக் கணக்கு.

இந்தியாவில் அனுமதி உண்டா?

தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களை உரிமையாளர் இஷ்டப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை விதிக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். பொதுச் சாலையில் ரேஸ் விட்டால் 189-வது பிரிவு தனி. முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். இரண்டு முறையுமே சிறை, அபராதம் இரண்டும் சேர்த்தும் விதிக்கப்படலாம். டிக்கியில் சிலிண்டரோடு விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் நிறுவனமும் முதலில் கேட்பது, இந்த மாற்றத்தைத் தங்களிடம் தெரிவித்தீர்களா என்பதைத்தான்.