இணையத்தள வருகையாளர் தரவும் அரசின் சோதனை அதிகாரமும்

இணையத்தள வருகையாளர் தரவு என்பது, ஒரு தளத்தை எந்த இணைப்பிலிருந்து, எந்த நேரத்தில், எந்தப் பக்கம் வரை பார்த்தார்கள் என்று அத்தளத்தின் சர்வர் தானாகவே எழுதிவைக்கும் பதிவுத் தொகுப்பு. குற்றப் புலனாய்வுக்காகக் காவல்துறையும் பிற அரசு முகமைகளும் இத்தரவைக் கேட்டுப் பெறுகின்றன. கேட்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும், எவ்வளவு கேட்கலாம், தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகள் உலகெங்கும் நீதிமன்றங்களின் முன் வந்துள்ளன. இந்தியாவில் இக்கேள்விகளின் கனத்தை வெளிக்காட்டிய தொடக்ககால வழக்குகளில் ஒன்று, 2007இல் புனே காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு கையாண்ட ஆர்குட் வழக்கு.

பதிவில் இருப்பவை

ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது சர்வர் குறித்துக்கொள்பவை பெரும்பாலும் இவை: வந்தவரின் ஐ.பி. முகவரி, தேதியும் நேரமும், கேட்ட பக்கத்தின் முகவரி, அனுப்பிய தரவின் அளவு, எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்ற குறிப்பு, பயன்படுத்திய பிரவுசர், இயங்குதளம் ஆகியவற்றின் பெயர். வந்தவரின் பெயர் இதில் இருப்பதில்லை. தேடிய சொற்கள் பக்க முகவரிக்குள்ளேயே அமைந்துவிடும் தளங்களில், அவர் எதை அறிய விரும்பினார் என்பதும் பதிவாகிவிடும். ஒரு நோயைப் பற்றிப் படித்தவர், தொழிற்சங்கப் பக்கத்தைப் பார்த்தவர், அரசை விமர்சிக்கும் கட்டுரையைத் திறந்தவர் என எல்லாருடைய வாசிப்பும் அதில் வரிசையாகக் கிடக்கும்.

ஐ.பி. முகவரியிலிருந்து ஆளைக் கண்டுபிடிப்பது பல படிகளில் நடக்கிறது. காவல்துறை முதலில் தளத்தை நடத்தும் நிறுவனத்திடமிருந்து ஐ.பி. முகவரியையும் நேரத்தையும் பெறும். அந்த முகவரி எந்த இணையச் சேவை நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பதைப் பொதுப் பதிவேடுகளில் பார்க்கலாம். பிறகு அந்த நிறுவனத்திடம், குறிப்பிட்ட நேரத்தில் அந்த முகவரியைப் பெற்றிருந்த வாடிக்கையாளர் யார் என்று கேட்கும். கிடைப்பது இணைப்புக்குப் பணம் கட்டுபவரின் பெயரும் வீட்டு முகவரியும். விசைப்பலகையின் முன் உட்கார்ந்திருந்தவர் அவர்தானா என்பதை அந்தப் பதிவு சொல்லாது.

புனே ஆர்குட் வழக்கு, 2007

அப்போது இந்திய இளைஞர்களிடையே பரவலாக இருந்த ஆர்குட் சமூக வலைத்தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் ஒன்று வெளியானதாகப் புனேவில் புகார் பதிவானது. ஆர்குட்டை நடத்திய கூகுள் நிறுவனத்திடமிருந்து காவல்துறை ஐ.பி. முகவரியைப் பெற்றது. அந்த முகவரி ஏர்டெல் நிறுவனத்துக்கு உரியது. ஏர்டெல் கொடுத்த வாடிக்கையாளர் விவரம் பெங்களூரில் வசித்த ஒரு மென்பொருள் பொறியாளரைச் சுட்டியது. 2007 ஆகஸ்ட் இறுதியில் புனே காவலர்கள் பெங்களூர் சென்று அவரைக் கைது செய்தனர். புனேவின் எரவாடா சிறையில் அவர் அடைக்கப்பட்டார்.

அந்த ஐ.பி. முகவரிக்கு உரியவராக அவரைக் காட்டிய விவரமே தவறு என்பது பின்னரே தெரிந்தது. அவர் விடுதலையானபோது சிறையில் 50 நாட்கள் கழிந்திருந்தன. ஏர்டெல் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அவருக்கு 2 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி மகாராஷ்டிர மாநில மனித உரிமை ஆணையம் பின்னர் ஏர்டெலுக்கு உத்தரவிட்டது.

இவ்வழக்கில் ஒரு மனிதரின் சுதந்திரத்தைப் பறிக்க ஒரு நிறுவனத்தின் ஒற்றைப் பதில் போதுமானதாக இருந்தது. அதைச் சரிபார்க்கும் இரண்டாவது சான்று எதுவும் கைதுக்கு முன் தேடப்படவில்லை என்பதே இதன் மையக் குறை.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் அதே சைபர் பிரிவு, சோனியா காந்தியைப் பற்றி ஆபாசமாக எழுதியதாகக் குர்கானில் ஓர் இளைஞரைக் கைது செய்தது. அவரை அடையாளம் காணவும் கூகுள் தந்த விவரங்களே பயன்பட்டன. வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியக் காவல்துறையின் கோரிக்கையை எந்த அளவுகோலில் ஏற்கின்றன என்ற விவாதம் அப்போது தீவிரமடைந்தது.

பிழை நேரும் இடங்கள்

முதலாவது, நேரம். பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறது. பதிவில் காலை 8:00 என்று இருப்பது இந்தியாவில் பிற்பகல் 1:30. கோரிக்கைக் கடிதத்தில் நேர மண்டலத்தைக் குறிப்பிடாவிட்டாலோ, முற்பகலா பிற்பகலா என்று எழுதாவிட்டாலோ, அதே ஐ.பி. முகவரி வேறொரு வாடிக்கையாளரைக் காட்டும். பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் ஐ.பி. முகவரி நிலையானதன்று. இன்று ஒருவரிடம் இருப்பது நாளை இன்னொருவரிடம் போகும்.

இரண்டாவது, பகிர்வு. பழைய வகை ஐ.பி. முகவரிகளின் தட்டுப்பாட்டால், கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. இவர்களைப் பிரித்தறிய, இணைப்பின் போர்ட் எண்ணும் வேண்டும். போர்ட் எண்ணையும் சர்வர்கள் பதிய வேண்டும் என்று இணையப் பொறியியல் பணிக்குழு 2011இல் பரிந்துரைத்தது. ஆனாலும் பல தளங்கள் இன்றும் அதைப் பதிவதில்லை.

மூன்றாவது, இணைப்பும் ஆளும் வெவ்வேறாக இருப்பது. குடும்பம், விடுதி, அலுவலகம், கடவுச்சொல் இல்லாத வைஃபை என ஒரே இணைப்பைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஹிஞ்சவடி போன்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களும், பல ஊர் மாணவர்கள் தங்கும் விடுதிகளும் நிறைந்த புனேவில் இது அன்றாட நடைமுறை.

இந்தியச் சட்ட நிலை

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, விசாரணைக்குத் தேவையான ஆவணத்தைக் கேட்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் சேர்த்தே தந்தது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு அதே அதிகாரத்தைத் தொடர்கிறது. மின்னணுத் தகவல்தொடர்பையும் தொடர்புக் கருவிகளையும் அது வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. வருகையாளர் பதிவுகள் வழக்கமாக இப்பிரிவின் கீழ்தான் கேட்கப்படுகின்றன. அதாவது ஒரு நிலைய அதிகாரியின் எழுத்து ஆணை போதும். நீதிபதி பார்க்க வேண்டியதில்லை. சன்ஹிதாவில், நீதிமன்றம் சோதனை ஆணை வழங்குவதற்கு 96ஆம் பிரிவும், அவசரம் கருதி ஆணையின்றியே காவல்துறை சோதனையிட 185ஆம் பிரிவும் உள்ளன.

இதே சட்டம் அஞ்சலில் உள்ள கடிதத்துக்குக் கூடுதல் காவல் போட்டிருக்கிறது. அஞ்சல் துறையின் கையில் இருக்கும் கடிதத்தையோ பொட்டலத்தையோ பெற, மாவட்ட நடுவர், தலைமை நீதித்துறை நடுவர் அல்லது அமர்வு நீதிமன்றம் போன்ற உயர்நிலை அதிகாரத்தின் ஆணை தேவை. காவல் ஆணையரோ கண்காணிப்பாளரோகூட அந்த ஆணை வரும்வரை அதைத் தேடி நிறுத்திவைக்கச் சொல்ல மட்டுமே முடியும். ஒரு கடிதம் ஒரு செய்தியைத்தான் காட்டும். சர்வர் பதிவு ஆயிரக்கணக்கானோரின் வாசிப்பைக் காட்டும். ஆனால் சட்டம் அதற்குக் கொடுத்திருப்பது குறைந்த காவல்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 69ஆம் பிரிவு, தகவல்தொடர்பை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் மறைகுறியை நீக்கவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. மத்திய உள்துறைச் செயலரோ மாநில உள்துறைச் செயலரோ ஆணையிடுவார். இணையப் போக்குவரத்துத் தரவைச் சேகரிக்க 69பி பிரிவு உள்ளது. இரண்டுக்கும் 2009இல் விதிகள் வந்தன. ஆணைகளைச் சீராய்வுக் குழு பின்னர் பார்க்கும். அக்குழுவில் இருப்பவர்கள் அரசுச் செயலர்களே. 2018 டிசம்பர் 20 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் 10 முகமைகளுக்கு 69ஆம் பிரிவின் கீழ் அதிகாரமளித்தது.

2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, அதிகாரம் பெற்ற முகமையின் எழுத்து ஆணை வந்த 72 மணி நேரத்துக்குள் இடைநிலை நிறுவனங்கள் தகவல் தர வேண்டும். அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த வழிகாட்டுதல் சர்வர் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்கிறது. பயனரின் ஐ.பி. முகவரியை மறைக்கும் வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் காக்க வேண்டும் என்றும் அது கூறியது. எக்ஸ்பிரஸ்வி.பி.என்., நார்ட்வி.பி.என். போன்ற நிறுவனங்கள் அதை ஏற்காமல் இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றின. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 17ஆம் பிரிவின் வழியாக, அரசு அறிவிக்கும் முகமைகளுக்கு விலக்கு அளிக்க இடம் தருகிறது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில் நடைமுறைக் கட்டுப்பாடுகளை விதித்தது. 2004இல் கனரா வங்கி வழக்கில், வங்கியிடம் கொடுத்த ஆவணங்களின் மீதும் வாடிக்கையாளருக்கு அந்தரங்க உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. மூன்றாம் நபரிடம் கொடுத்துவிட்டதால் அந்தரங்கம் போய்விடுகிறது என்ற வாதத்தை அத்தீர்ப்பு ஏற்கவில்லை. இணையச் சேவை நிறுவனத்திடம் இருக்கும் பதிவுகளுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்டத்தின் ஆதாரம், நியாயமான நோக்கம், நோக்கத்துக்கு ஏற்ற அளவு ஆகியவை வேண்டும். கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் வீரேந்திர கன்னா வழக்கில், கைபேசி, கணினி, மின்னஞ்சல் கணக்கு ஆகியவற்றைச் சோதிக்க, அவசர நிலை தவிர, சோதனை ஆணை பெற வேண்டும் என்றது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ இல்லாமல், சாதாரணக் குற்றத்தைக் கண்டறிய மட்டும் தொலைபேசியை ஒட்டுக்கேட்பது செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் இத்துறையின் பெயர்பெற்ற வழக்கு ட்ரீம்ஹோஸ்ட் வழக்கு. 2017 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் பதவியேற்றதை எதிர்த்துப் போராட்டங்களை ஒருங்கிணைத்த தளம் ஒன்றை லாஸ் ஏஞ்சலஸின் ட்ரீம்ஹோஸ்ட் நிறுவனம் தன் சர்வரில் வைத்திருந்தது. அத்தளத்தைப் பற்றிய எல்லாப் பதிவுகளையும் கேட்டு அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் சோதனை ஆணை பெற்றது. சுமார் 13 லட்சம் ஐ.பி. முகவரிகள் அதில் அடங்கும். பக்கத்தை வெறுமனே பார்த்தவர்களும் அதில் இருந்தனர். நிறுவனம் ஆகஸ்ட் மாதத்தில் இதைப் பொதுவெளியில் தெரிவித்து எதிர்த்தது. அமைச்சகம் வருகையாளர் பதிவுகளைக் கைவிட்டுக் கோரிக்கையைச் சுருக்கியது. வாஷிங்டன் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ராபர்ட் மோரின், வெறும் பார்வையாளர்களின் அடையாளங்களை மறைத்தே நிறுவனம் தரவை ஒப்படைக்கலாம் என்று 2017 அக்டோபரில் உத்தரவிட்டார். குற்றத்தோடு தொடர்பு இருப்பதைக் காட்டினால் மட்டுமே அரசு அந்த அடையாளங்களைப் பெற முடியும்.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016இல் பிரையர் வழக்கில், மாறும் ஐ.பி. முகவரியும் தனிநபர் தரவாகலாம் என்றது. கனடா உச்ச நீதிமன்றம் ஐ.பி. முகவரிக்குப் பின்னுள்ள வாடிக்கையாளர் விவரத்துக்கு 2014இலும், ஐ.பி. முகவரிக்கே 2024 மார்ச்சிலும் அந்தரங்கப் பாதுகாப்பு அளித்தது. அங்கே இவற்றைக் காவல்துறை பெற நீதித்துறையின் முன்னனுமதி வேண்டும்.

மின்னணுச் சான்றும் எல்கார் பரிஷத் வழக்கும்

2017 டிசம்பர் 31இல் புனேவின் சனிவார் வாடாவில் நடந்த எல்கார் பரிஷத் மாநாட்டைத் தொடர்ந்த வழக்கு, மின்னணுச் சான்றின் நம்பகத்தன்மை பற்றிய விவாதத்தைப் பெரிதாக்கியது. புனே காவல்துறை 2018இல் கைப்பற்றிய கணினிகளின் நகல்களை, குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பின் வேண்டுகோளில் ஆய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், அவர்களில் ஒருவரான ரோனா வில்சனின் கணினியில் ஊடுருவிக் கோப்புகள் திணிக்கப்பட்டதாக 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. ஊடுருவப்பட்ட சில மின்னஞ்சல் கணக்குகளில் மீட்பு முகவரியாகச் சேர்க்கப்பட்டவை புனே காவல்துறை அதிகாரி ஒருவரோடு தொடர்புடையவை என்று சென்டினல்ஒன் ஆய்வாளர்களை மேற்கோள் காட்டி 2022 ஜூனில் வயர்ட் இதழ் எழுதியது. 2020 ஜனவரியில் வழக்கைப் பொறுப்பேற்ற தேசியப் புலனாய்வு முகமை ஆர்சனலின் முடிவுகளை ஏற்கவில்லை. தரவு பின்னர் மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பைக் கைப்பற்றும் இடத்திலேயே கணக்கிட்டு உரியவரிடம் கொடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இந்தச் சர்ச்சை உணர்த்தியது. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒளி-ஒலிப் பதிவு செய்வதைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு கட்டாயமாக்கியுள்ளது.

மதிப்பீடு

குழந்தைகளைச் சுரண்டும் படங்கள், பண மோசடி, மிரட்டல் போன்ற குற்றங்களில் சர்வர் பதிவு இல்லாமல் புலனாய்வு நகராது. காவல்துறைக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். கோரிக்கையில் ஐ.பி. முகவரி, நேர மண்டலத்துடன் கூடிய துல்லியமான நேரம், போர்ட் எண், குறிப்பிட்ட பக்கம் ஆகியவை இருந்தால் விசாரணையும் கூர்மையாகும், தொடர்பில்லாதவர்களும் தப்புவார்கள். கைதுக்கு முன் கணினியிலோ வேறு வழியிலோ இரண்டாவது சான்று பெறுவதை நடைமுறையாக்க வேண்டும். தரவு பெறப்பட்டவருக்கு, விசாரணை கெடாத காலத்தில், அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும்.

தளம் நடத்துவோர் தேவைக்கு மேல் பதிவுகளைச் சேர்க்காமலும், சட்டம் கேட்கும் காலத்துக்கு மேல் வைத்திருக்காமலும் இருப்பது நல்லது. கோரிக்கை வந்தால், எந்தச் சட்டப் பிரிவின் கீழ், எந்த வழக்கு எண்ணில், எந்தப் பதிவு கேட்கப்படுகிறது என்பதை எழுத்தில் பெற்று, கேட்டதை மட்டும் கொடுத்து, கொடுத்ததற்கு நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

வருகையாளர் தரவைப் பெற நீதிபதியின் முன்னனுமதியைக் கட்டாயமாக்கும் தனிப்பிரிவு இந்தியச் சட்டத்தில் இல்லை. எரவாடாவில் நிரபராதி ஒருவர் கழித்த 50 நாட்களும் புட்டசாமி தீர்ப்பும் அத்தகைய பிரிவின் தேவையை நிறுவிவிட்டன. அதை இயற்றுவது நாடாளுமன்றத்தின் கடமை.