விரல்நுனியில் எண்: மழலையர் கணித வரலாற்றிற் பொருளும் பருவமும்

எண் என்பது கண்ணாற் காணவோ கையால் தொடவோ இயலாத ஒன்றாகும். மூன்று மாங்கனிகளைக் காணலாம். மூன்று காகங்களைக் காணலாம். 'மூன்று' என்பதனைக் கண்டவர் எவருமிலர். இவ்வருவப் பொருளை நான்கு வயதுக் குழந்தையின் உள்ளத்திற் பதிய வைப்பது எவ்வாறு என்னும் வினா, கல்விச் சிந்தனையாளரை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஈர்த்து வந்துள்ளது. இன்றைய முன்பள்ளிகளிற் காணப்படும் எண்ணும் மணிகள், அடுக்கும் கட்டைகள், விதைகள் நிறைந்த தட்டுகள், அறையின் ஒரு புறத்தில் அமைந்த 'கணித மூலை' ஆகிய யாவும் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளின் எச்சங்களே எனலாம். அவ்விடைகள் தோன்றியவாறும், காலப்போக்கில் உயிரிழந்து சடங்குகளாகியவாறும், மீண்டும் புத்துயிர் பெற்றவாறும் இக்கட்டுரையில் நோக்கப்படுகின்றன.

இவ்வரலாற்றின் ஒரு தொடக்கம் தமிழகத்து மணலில் இருக்கின்றது. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியை 1789ஆம் ஆண்டு முதல் மேற்பார்வை செய்து வந்த அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், அயலிலிருந்த சுதேசப் பள்ளியொன்றிற் சிறுவர்கள் நிலத்தில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தாளும் மையும் வேண்டாத அம்முறையைத் தமது விடுதியிற் புகுத்தினார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் வாயிலாக அது இங்கிலாந்திற் பரவிற்று. ஜோசப் லங்காஸ்ரர் நடத்திய பள்ளியிலும் இளஞ்சிறார் மணல் பரப்பிய பலகையில் எழுதிப் பழகினர். விஜயதசமியன்று ஏடு தொடக்கும் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் மரபினை அறிந்தோர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது. ஆயினும் ஓர் உண்மையை இங்கு மனங்கொள்ள வேண்டும். மணல் கற்பித்தது எண்ணின் வரிவடிவத்தை. எண்ணின் பொருளை அன்று. '5' என்னும் குறியை அழகுற வரையும் குழந்தை, ஐந்து கற்களை எடுத்துத் தரவல்லதா என்பது வேறொரு வினா.

அவ்வினாவை முதன்மைப்படுத்தியவர் சுவிற்சர்லாந்து தேசத்தவரான யோஹான் ஹைன்றிக் பெஸ்டலோசி (1746-1827) ஆவார். புலன்களால் நேரிற் கண்டறிதலே அறிவின் அடித்தளம் என்பது அவரது கொள்கை. சொல்லும் குறியும் பொருளறிவுக்குப் பின்னரே வரவேண்டும் என அவர் கருதினார். ஆகவே அவரது முறையில் எண்ணறிவு அவரை விதை, கூழாங்கல், விரல் முதலிய பொருள்களை எண்ணுவதிலிருந்து தொடங்கிற்று. இலக்கங்கள் பின்னரே இடம்பெற்றன. 1801இல் வெளிவந்த அவரது நூல் இக்கருத்தை ஐரோப்பாவெங்கும் பரப்பிற்று. இவேர்டன் நகரில் அவர் நடத்திய கல்வி நிலையத்துக்கு ஆசிரியர்களும் அறிஞர்களும் பல நாடுகளிலிருந்து சென்றனர். அவ்வாறு சென்று 1808 தொடக்கம் 1810 வரை அங்கு தங்கியவர்களுள் ஒருவரே பிறெடெறிக் புறோபெல் (1782-1852).

புறோபெல் பின்னர் பேர்லினிற் கிறிஸ்ரியன் வைஸ் என்னும் பளிங்கியல் அறிஞரிடம் உதவியாளராகப் பணியாற்றியவர். பளிங்குகளின் ஒழுங்கான முகங்களிலும் விளிம்புகளிலும் இயற்கையின் அடிப்படை விதியொன்று வெளிப்படுவதாக அவர் நம்பினார். 1837இல் ஜேர்மனியின் பாட் பிளாங்கன்பேர்க்கில் அவர் தொடங்கிய நிலையத்துக்கு 1840இல் 'கின்டர்கார்டன்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் இச்சொல் வெறும் உருவகமாக நின்றுவிடவில்லை. புறோபெல் வகுத்த திட்டத்திற் குழந்தைக்குத் தனியாக ஒரு பாத்தியும், அனைவர்க்கும் பொதுவாகச் சில பாத்திகளும் உண்டு. விதைத்தல், முளைத்தல், பூத்தல், காய்த்தல் என்னும் பருவச் சுழற்சியைக் குழந்தை தன் கையாலேயே நடத்திப் பார்த்தது. எத்தனை விதை இட்டோம், எத்தனை முளைத்தன, எது உயர்ந்தது, எது குறுகியது என்னும் வினாக்கள் அங்கு இயல்பாகவே எழக்கூடியவை.

தோட்டத்துக்கு இணையாக அறையினுள்ளே அமைந்தவை 'கொடைகள்' என அவர் பெயரிட்ட விளையாட்டுப் பொருள்கள். முதற் கொடை நிறமூட்டிய ஆறு கம்பளிப் பந்துகள். இரண்டாவது, மரத்தாலான கோளம், உருளை, கனசதுரம் என்பன. மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு கனசதுரம். அதனை இரு பாதிகளாகவும், நான்கு கால்களாகவும், எட்டு அரைக்கால்களாகவும் பிரித்து மீண்டும் ஒன்றாக்கும் குழந்தை, பின்னம் என்னும் சொல்லைக் கேளாமலே பின்னத்தைக் கையாளுகின்றது. இப்பொருள்களைக் கொண்டு நாற்காலி, பாலம் முதலிய வாழ்க்கை வடிவங்கள், சமச்சீர் கொண்ட அழகு வடிவங்கள், எண்ணும் அளவும் காட்டும் அறிவு வடிவங்கள் என மூவகை அமைப்புக்களை ஆக்கலாம் என்பது அவர் கருத்து. விளையாட்டும் கணிதமும் அழகுணர்ச்சியும் ஒரே கட்டைகளிற் பொருந்தி நின்றன.

1851இற் பிரஷ்ய அரசு இப்பள்ளிகளைத் தடைசெய்தது. புறோபெலின் சகோதரர் மகனுடைய அரசியற் கருத்துக்களை அவருடையவை எனக் கொண்டமை இத்தடைக்கு ஒரு காரணம் என்பர். தடை 1860இல் நீங்கிற்று. அதனைக் காணப் புறோபெல் உயிருடன் இல்லை. ஆனால் அரசின் தடையைக் காட்டிலும் ஆழமான ஊறு, அவரைப் போற்றியவர்களாலேயே நேர்ந்தது. அமெரிக்காவின் சென்ற். லூயிஸ் நகரில் 1873இற் சூசன் புளோ அம்மையாரால் அரசுப் பாடசாலை அமைப்பினுள் முதற் கின்டர்கார்டன் நிறுவப்பட்டது. கொடைகள் தொழிற்சாலைகளில் உற்பத்தியாகிக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. சதுரக் கோடுகள் வரையப்பட்ட மேசைகளின் முன் குழந்தைகள் வரிசையாய் அமர்ந்தனர். ஆசிரியை கட்டளையிட, அனைவரும் ஒரே வேளையில் ஒரே கட்டையை ஒரே கோட்டில் வைத்தனர். பொருள் கையில் இருந்தது; சிந்தனை ஆசிரியையிடம் இருந்தது. பல இடங்களிலே தோட்டம் மறைந்து பெயர் மாத்திரம் எஞ்சிற்று. 1890களில் அன்னா பிறையன், பற்றி ஸ்மித் ஹில் ஆகியோர் இவ்விறுக்கத்தை எதிர்த்து, குழந்தைகள் தாமாகக் கட்டியெழுப்பும் விளையாட்டுக்கு இடமளித்தமை குறிப்பிடத்தக்கது.

இதே சிக்கலை வேறு வழியில் அணுகியவர் இத்தாலிய மருத்துவரான மரியா மொண்டிசோரி அம்மையார் (1870-1952). 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி உரோம் நகரின் சான் லொறென்சோ என்னும் வறியோர் குடியிருப்பில் அவரது 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. அவர் ஆக்கிய கணித உபகரணங்களை நுணுகி நோக்குதல் பயன் தரும். எண்கோல்கள் பத்து, மிகக் குறுகியது 10 சென்ரிமீற்றர், மிக நீண்டது ஒரு மீற்றர். சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும் அக்கோல்களில், 'நான்கு' என்பது நான்கு தனிப் பொருள்களாக அன்றி ஒரு முழு நீளமாகக் குழந்தையின் கையில் அமைகின்றது. அடுத்து வருவது கதிர்ப்பெட்டி. 0 முதல் 9 வரை குறிக்கப்பட்ட பத்து அறைகளும், தனித்தனியான 45 மரக்கதிர்களும் கொண்டது அது. ஒவ்வோர் அறையிலும் உரிய எண்ணிக்கையை இட்டால் இறுதியிற் கதிர் எதுவும் மிஞ்சாது, குறையவும் மாட்டாது. ஒன்று மிஞ்சினால் எங்கோ பிழை நேர்ந்துள்ளது என்பதனை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, பெட்டியே சொல்லிவிடும். பூச்சியத்துக்குரிய அறை வெறுமையாகவே இருக்கும். 'ஒன்றுமில்லை' என்பதற்கும் ஓர் இடமுண்டு என்னும் அரிய கருத்தினைக் குழந்தை அவ்வெற்றறையிற் காண்கின்றது.

உபகரணத்தைப் போன்றே இட ஒழுங்கும் இங்கு முக்கியமானது. தாழ்ந்த தட்டுகளில் ஒவ்வொரு பொருளும் தன்னிடத்தில் வைக்கப்பட்டிருக்கும். குழந்தை தான் விரும்பியதை எடுத்து, வேண்டிய நேரம் பயின்று, மீண்டும் அவ்விடத்தில் வைக்கும். வரிசையாய் அமர்ந்து கட்டளை கேட்கும் முறை இதனால் உடைந்தது. பிற்காலத்துக் 'கற்றல் மூலைகளின்' கரு இவ்வொழுங்கிற் காணப்படுகின்றது எனலாம். எனினும் மொண்டிசோரி முறையும் விமர்சனத்துக்கு உட்பட்டது. அவரது உபகரணங்கள் குறித்த ஒரே வழியிற் கையாளப்படுபவை. கற்பனைக்கு இடங்கொடாதவை என அமெரிக்கக் கல்வியாளர் கில்பற்றிக் 1914இல் வாதிட்டார். புறோபெலின் கொடைகளுக்கு நேர்ந்த கதி இவற்றுக்கும் நேரலாம் என்னும் ஐயத்துக்கு இடமில்லாமல் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்விவாதம் உளவியலின் துணையைப் பெற்றது. ஜீன் பியாஜே தம் துணையாளருடன் 1941இல் வெளியிட்ட எண் பற்றிய ஆய்வு, எண்ணுஞ் சொற்களை ஒப்புவித்தல் எண்ணறிவாகாது என்பதைத் தெளிவாக்கிற்று. சம எண்ணிக்கையான இரு வரிசைகளுள் ஒன்றைச் சற்று விரித்து வைத்தால், அதிற் கூடுதலான பொருள்கள் உள்ளதாக இளங்குழந்தை கூறிவிடுகின்றது. பொருள்களைச் சேர்த்தும் பிரித்தும் வரிசைப்படுத்தியும் தானே செயற்பட்டாலன்றிக் குழந்தை எண்ணை ஆக்கிக்கொள்ளாது என்பது அவர் முடிபு. இங்கிலாந்தில் 1964இல் ஆரம்பமான நஃபீல்ட் கணிதத் திட்டமும், 1967இல் வெளிவந்த பிளவுடன் அறிக்கையும் இச்சிந்தனையின் செல்வாக்கைக் காட்டுவன. மணல், நீர், தராசு, கட்டைகள், விளையாட்டுக் கடை எனப் பல மூலைகள் வகுப்பறையில் அமைந்தன. குழந்தைகள் சிறு குழுக்களாக அவற்றிடையே சென்று பயின்றனர். 1978இல் ஜெல்மன், கலிஸ்ரல் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, பியாஜே கருதியதிலும் முன்னதாகவே குழந்தைகள் எண்ணுதலின் விதிகளை உணர்வதை எடுத்துக்காட்டிற்று. பொருளொன்றுக்கு ஒரு சொல், மாறாத சொல் ஒழுங்கு, இறுதிச் சொல்லே மொத்தத்தைக் குறித்தல் என்பன அவ்விதிகளுட் சில. மறுபுறம், கண்ணைக் கவரும் விளையாட்டுப் பொருள் தன்மீதே கவனத்தை ஈர்த்து, தான் குறிக்க வேண்டிய எண்ணை மறைத்துவிடக்கூடும் எனப் பிந்திய ஆய்வாளர் எச்சரித்துள்ளனர். பொருள் கையிலிருந்தால் மாத்திரம் போதாது. அதனைச் சுட்டி 'எத்தனை?', 'எவ்வாறு அறிந்தாய்?' என வினவும் ஆசிரியரும் வேண்டும்.

இவ்வரலாறு இலங்கைக்குப் புறம்பானதன்று. 1939இல் அடையாற்றுக்கு வந்த மொண்டிசோரி அம்மையார், உலகப் போர் காரணமாக இந்தியாவிலே தங்க நேர்ந்தது. கொடைக்கானலில் வாழ்ந்த காலத்திற் செடிகளையும் சிற்றுயிர்களையும் குழந்தைகளின் கல்வியோடு இணைத்தார். 1944இற் கொழும்பிலும் அவர் பயிற்சி நெறியொன்றை நடத்தினார். இன்று இந்நாட்டில் 'மொண்டிசோரி' என்பது முன்பள்ளிக்கே பெயராகிவிட்டது. ஆனால் அப்பெயர் தாங்கிய இடங்கள் யாவற்றிலும் எண்கோலும் கதிர்ப்பெட்டியும் உள எனக் கூறவியலாது. கொப்பியில் இலக்கம் எழுதுதலே படிப்பெனக் கருதும் பெற்றோரின் எதிர்பார்ப்பு, பல ஆசிரியைகளின் கையைக் கட்டிவிடுகின்றது. 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலிரு வகுப்புகளில் விளையாட்டுக்கே முதன்மையளித்தது. முதலாம் வகுப்பிலேயே விளையாட்டு முதன்மையானதெனின், அதற்கு முற்பட்ட பருவத்தில் எழுத்துப் பயிற்சிக்கு முதலிடம் அளிப்பதன் பொருத்தம் சிந்தித்தற்குரியது.

பருவம் பற்றிய தவறொன்றும் இவ்விடத்து நோக்கற்பாலது. மேனாட்டுப் பருவ அட்டைகளைப் படியெடுத்து, பனிமனிதனின் பொத்தான்களையும் உதிரும் மேப்பிள் இலைகளையும் எண்ணச் செய்தல் எளிது. ஆயினும் புறோபெலின் தோட்டத்துக்கு அது முற்றிலும் மாறானது. குழந்தை தொட்டறியாத பருவம் அதற்குப் படமேயன்றிப் பருவமாகாது. வடபுலத்துக் குழந்தைக்கு ஆடி, ஆவணியிற் பனம்பழம் விழுகின்றது. ஒரு பழத்தினுள் மூன்று கொட்டைகள் இருக்கலாம். இரண்டோ ஒன்றோ இருத்தலும் உண்டு. பழங்களை அவ்வாறு வகைபிரித்து நிரையாக அடுக்கினால், எது கூட, எது குறைய என்பது கண்முன் தெரியும். அக்கொட்டைகளை எண்ணிப் பாத்தியிலிட்டு, மாரிமழை நாள்களிற் போத்தலில் நீர்மட்டத்தைக் குறித்து வந்து, தை மாதமளவிற் கிழங்கு கிண்டும்போது மீண்டும் எண்ணினால், இட்டது எத்தனை, கிடைத்தது எத்தனை, முளையாதது எத்தனை என்னும் கழித்தற் கணக்கு வாழ்க்கையிலிருந்தே பிறக்கும். மலையகத்திலும் கிழக்குக் கரையிலும் பொருள்கள் வேறுபடும், முறை வேறுபடாது. இதற்குப் பெருஞ் செலவு இல்லை. புளியங்கொட்டையும் மஞ்சாடியும் சோகியும் எவரது காப்புரிமைக்கும் உட்பட்டவையல்ல.

புறோபெலின் கொடைகள் சடங்காகியமைக்குக் காரணம் மரக்கட்டைகள் அல்ல. குழந்தை செய்ய வேண்டியதை ஆசிரியர் தாமே செய்து முடித்தமையே காரணமாகும். விலையுயர்ந்த உபகரணம் நிறைந்த அறையிலும் அது நிகழலாம். ஒரு பனங்கொட்டைப் பாத்தியின் அருகில் அது நிகழாதிருக்கலாம். எண்ணின் குறியை எழுதும் விரல், அதற்குமுன் எண்ணின் பொருளைத் தொட்டறிந்த விரலாக இருத்தல் வேண்டும். இருநூறு ஆண்டுக்கால முயற்சிகள் உணர்த்தும் இவ்வுண்மை, அரிவரி வகுப்பின் வாயிலில் நிற்கும் குழந்தைக்கு நாம் செலுத்த வேண்டிய கடனுமாகும்.