வார்த்தைக் கணக்கும் இயற்கணிதக் கோவையும்

வார்த்தைகளில் சொன்ன ஒரு கணக்கை எண், எழுத்து, செயற்குறி ஆகியவற்றால் எழுதும்போது கிடைப்பது இயற்கணிதக் கோவை. மதிப்பு மாறக்கூடிய எழுத்து மாறி. மாறாத எண் மாறிலி. மாறியைப் பெருக்கி நிற்கும் எண் கெழு. கோவையில் சமக்குறி இராது. இருந்தால் அது சமன்பாடு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பிலேயே இது அறிமுகமாகிறது.

வரலாறு

காரி நாயனாரின் கணக்கதிகாரம், பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண ஒரு வழி சொல்கிறது: காம்பருகே உள்ள முட்களை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுக்க வேண்டும். முட்களின் எண்ணிக்கை 'மு' என்றால் கோவை 6மு/5. முள் 50 என்றால் சுளை 60. தெரியாத அளவுக்கு எழுத்து இடும் வழக்கமும் இந்தியாவில் பழையது. 12ஆம் நூற்றாண்டில் பீஜகணிதம் எழுதிய பாஸ்கரர், யாவத்தாவத், காலகம், நீலகம் என்னும் பெயர்களின் முதலெழுத்துகளான யா, கா, நீ ஆகியவற்றையே மாறிகளாகக் கையாண்டார்.

உருபும் எச்சமும்

தமிழில் சொல் வரிசை மாறலாம். பொருளைத் தீர்மானிப்பது வேற்றுமை உருபு. தெரியாத எண் 'க' என்க.

• 'ஓர் எண்ணிலிருந்து 7ஐக் கழிக்க', '7ஐ ஓர் எண்ணிலிருந்து கழிக்க' இரண்டுமே க − 7. இரண்டாவதில் 7 முதலில் வருவதால் 7 − க என்று எழுதுவது வழக்கமான பிழை.
• '8ஆல் ஓர் எண்ணை வகுக்க' என்பது க/8. '8ஐ ஓர் எண்ணால் வகுக்க' என்பது 8/க.
• 'ஓர் எண்ணின் 3 மடங்குடன் 4ஐக் கூட்ட' என்பது 3க + 4. 'ஓர் எண்ணுடன் 4ஐக் கூட்டி 3ஆல் பெருக்க' என்பது 3(க + 4). 'கூட்டி' என்ற வினையெச்சம், அந்தச் செயல் முதலில் முடிந்துவிட்டதைக் காட்டுகிறது. அடைப்புக்குறி அங்கேதான் விழும்.

எடுத்துக்காட்டு: ஆட்டோ கட்டணம்

சென்னை ஆட்டோக்களுக்குத் தமிழ்நாடு அரசு 2013 ஆகஸ்டில் அறிவித்த மீட்டர் கட்டணம்: முதல் 1.8 கி.மீ. வரை 25 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். இரவு 11 முதல் காலை 5 வரை பாதிக் கட்டணம் கூடுதல். தாம்பரம் ரயில் நிலையத்தில் ஏறி 'தூ' கிலோமீட்டர் போகிறவருக்கு (தூ 1.8க்குக் குறையாதபோது) அந்த அறிவிப்பின்படி பகல் கட்டணம்:

25 + 12(தூ − 1.8)

இதை விரித்தால் 12தூ + 3.4. வண்டலூர்ப் பக்கம் 7 கி.மீ. போனால் 87.40 ரூபாய். இரவில் கோவை முழுவதையும் 1.5ஆல் பெருக்க வேண்டும், 131.10 ரூபாய்.

'அதற்கு மேல்' என்பதைக் கவனிக்காதவர் 25 + 12தூ என்று எழுதுவார். அதே பகல் பயணத்துக்கு 109 ரூபாய் வரும். முதல் 1.8 கி.மீ.க்கு இரண்டு முறை பணம் கொடுத்ததாக ஆகிறது, நட்டம் 21.60 ரூபாய்.

சரிபார்த்தல்

எழுதிய கோவையில், விடை முன்பே தெரிந்த ஓர் எண்ணை இட்டுப் பார்க்க வேண்டும். தூ = 1.8 எனும்போது கட்டணம் 25 ரூபாய் என்பது அறிவிப்பிலேயே இருக்கிறது. சரியான கோவை 25 தருகிறது, தவறானது 46.60 தருகிறது.