ஃபேக்டரி எழும்புவதற்கு முன்னால்... வரைபடங்களின் கதை

பெங்களூர் ஹைவேயில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போனாலும் சரி, சிங்கப்பெருமாள் கோயில் ரோட்டில் ஒரகடம் வழியாகப் போனாலும் சரி, கண்ணில் படுவது நீள நீளமான ஷெட்டுகளும் வரிசையாக நிற்கும் கம்பெனி பஸ்களும்தான். இதெல்லாம் எப்படி வந்தது என்று யாரைக் கேட்டாலும் மூன்று பதில்கள் கிடைக்கும். சிப்காட் நிலம் கொடுத்தது, அரசு சலுகை கொடுத்தது, துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது. மூன்றும் சரிதான். ஆனால் வெறும் நிலத்துக்கும் எழுந்து நிற்கும் கட்டடத்துக்கும் நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. அதுதான் வரைபடக் கட்டம். அதன் வரலாறுதான் இந்தப் பதிவு.

முதலில் சில தேதிகள்

ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனியாகப் பதிவானது 1996 மே மாதம். இருங்காட்டுக்கோட்டையில் ஃபேக்டரி கட்டி, 1998 செப்டம்பரில் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்துவிட்டது. நோக்கியா 2005ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது, 2006 தொடக்கத்தில் போன் தயாரிக்க ஆரம்பித்தது. ஒரகடம் ரெனோ-நிஸ்ஸான் ஆலைக்கு 2008ல் ஒப்பந்தம், 2010 மார்ச் 17ல் திறப்பு விழா.

நம்ம ஊரில் ஒரு மாடி வீடு கட்டி கிரகப்பிரவேசம் நடத்தவே ஒன்றரை வருஷம் ஆகிவிடுகிறது :-) அப்படியிருக்க இவ்வளவு பெரிய ஆலைகள் எப்படி இரண்டு வருஷத்துக்குள்? எல்லா வரைபடத்தையும் முடித்துவிட்டுத்தான் மண்ணைத் தோண்டுவோம் என்று உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்கு வரவே வராது. வரைவதும் கட்டுவதும் கூடவே ஓட வேண்டும். வசதியும் ஆபத்தும் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.

எந்த வரைபடம்?

பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. "பிளான் அப்ரூவல் ஆகிவிட்டது, இனி கட்ட வேண்டியதுதானே" என்பார்கள். அரசு அலுவலகத்தில் அனுமதி வாங்கும் பிளான் வேறு, மேஸ்திரி கையில் இருக்க வேண்டிய பிளான் வேறு. முதலாவது விதிப்படி இடம் விட்டிருக்கிறதா, உயரம் சரியா என்று காட்டும். ஃபேக்டரி என்றால் கூடுதலாக ஒரு அனுமதி. 1948ம் வருட தொழிற்சாலைகள் சட்டம், கட்டுவதற்கு முன்பே தலைமை ஆய்வாளரிடம் பிளானைக் கொடுத்து அனுமதி வாங்க வழி செய்திருந்தது. இந்தப் பகுதியின் பெரிய ஆலைகள் வந்ததெல்லாம் அந்தச் சட்டத்தின் காலத்தில்தான்.

இரண்டாவது வகைக்குப் பெயர் ஒர்க்கிங் டிராயிங். தூண் எத்தனை மில்லிமீட்டர், உள்ளே என்ன கம்பி, எத்தனை கம்பி, குழாய் எந்த பீமின் கீழே போகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கும்... எல்லாம் இதில் இருக்கும். 1972ல் வந்த ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின்படி அமைந்த கவுன்சில், ஆர்க்கிடெக்டின் வேலையைப் பல கட்டங்களாகப் பிரித்திருக்கிறது. அதில் ஒர்க்கிங் டிராயிங்கும் டெண்டர் ஆவணங்களும் சேர்ந்து ஒரு தனிக் கட்டம். அனுமதி வாங்குவது அதற்கு முந்தைய கட்டம்.

நீலத் தாளிலிருந்து டெட்ராய்ட் வரை

வரைபடம் வரைய ஆள் பழக்குவது நம் ஊருக்குப் புதிதல்ல. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் ஆரம்பமே 1794ல் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளிதான். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு வரைபடத்துக்கு இன்னொரு பிரதி வேண்டுமென்றால் கையால் வரைய வேண்டும். ஜான் ஹெர்ஷல் 1842ல் ஒரு ரசாயன முறையைக் கண்டுபிடித்தார். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் விழும். அதுதான் புளூ பிரிண்ட். பிறகு அம்மோனியா பிரிண்ட் வந்தது. ஒரே வரைபடம் பத்து பேர் கையில் இருக்க முடிந்தது. கூடவே ஒரு புதுப் பிரச்சினையும் பிறந்தது. மூலத்தைத் திருத்தினால், ஏற்கெனவே வெளியே போன பத்து பிரதிகளையும் யார் திருத்துவது?

இந்தக் கேள்வி பெரிதானது டெட்ராய்டில். ஹென்றி ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையை (1910) வடிவமைத்தவர் ஆல்பர்ட் கான். ஃபோர்டு காரைப் பகுதி பகுதியாகச் செய்தார் என்றால், கான் வரைபடத்தைப் பகுதி பகுதியாகச் செய்தார். ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மெஷின், எலக்ட்ரிகல் ஆட்கள் எல்லோரும் ஒரே ஆபீஸில். ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்றில்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். 1929ல் சோவியத் அரசு ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலைக்கு இவரைத்தான் பிடித்தது. அடுத்த வருஷமே, 1930 ஜூனில், ஆலை ஓட ஆரம்பித்தது. கானின் ஆட்கள் சுமார் 25 பேர் மாஸ்கோவில் போய் உட்கார்ந்து, 1932க்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆலைகளின் வடிவமைப்பில் பங்கெடுத்தார்கள்.

சென்னையை "ஆசியாவின் டெட்ராய்ட்" என்கிறோமே, கார்கள் மட்டும் அங்கிருந்து வரவில்லை. அஸ்திவார வரைபடம் முதலில், இரும்புச் சட்டம் அடுத்து, கூரை அதற்கடுத்து என்று தவணை முறையில் வரைபடம் கொடுத்துக் கட்டும் இந்த வழக்கத்துக்கும் அங்கே வேர் இருக்கிறது.

தாள் கொல்லுமா?

கொல்லும். அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி. ஹயாட் ரீஜென்சி ஹோட்டல், 1981 ஜூலை 17. கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் அறுந்து கீழே இருந்த கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். முதல் வரைபடத்தில் ஒரே நீளமான கம்பி இரண்டு பாலத்தையும் தாங்கியது. கட்டும்போது, செய்வதற்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை இரண்டு துண்டுக் கம்பிகளாக மாற்றினார்கள். பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் கீழ்ப் பாலம் இப்போது மேல் பாலத்திலிருந்து தொங்கியது. மேல் பாலத்தின் இணைப்பில் பாரம் இரண்டு மடங்கு ஆனது. யாரும் மறுபடி கணக்குப் போடவில்லை. ஆனால் அந்த வரைபடத்தில் இன்ஜினியரின் முத்திரை இருந்தது! முதல் டிசைனே விதிக்குக் குறைவான பலத்தில்தான் இருந்தது என்பது விசாரணையில் பிறகு தெரிந்தது.

அமெரிக்கா தூரம் என்று நினைக்க வேண்டாம். போரூரிலிருந்து குன்றத்தூர் போகும் வழியில் மவுலிவாக்கம். அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர். 2014 ஜூன் 28 மாலை, மழை பெய்துகொண்டிருந்தபோது, கட்டி முடிக்கும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள். அரசு அமைத்த விசாரணை கமிஷன் ஸ்ட்ரக்சுரல் டிசைனிலேயே குறைபாடு இருந்ததைச் சுட்டிக்காட்டியது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

கன்சாஸில் தாள் பாதியில் மாறியது. மவுலிவாக்கத்தில் குறை டிசைனிலேயே இருந்தது. இரண்டு இடத்திலும் கான்கிரீட்டும் இரும்பும் வருவதற்கு முன்பே, மேஜை மேல் வைத்தே பிடித்திருக்கக்கூடிய தப்பு அது.

அப்படியானால் என்ன செய்கிறார்கள்?

ஒழுங்காக நடக்கும் வேலையில் சில பழக்கங்கள் உண்டு. கேட்டால் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும்.

1. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு எண், ஒரு திருத்த எண். ஆர்-0, ஆர்-1, ஆர்-2 என்று.
2. மாற்றிய இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி வளைகோடு. இல்லாவிட்டால் சைட் இன்ஜினியர் எதைத் தேடுவார்?
3. "கட்டலாம்" என்ற முத்திரை இல்லாத தாளை வைத்துக் கம்பி கட்டக் கூடாது.
4. புதுத் தாள் வந்ததும் பழையதை சைட்டிலிருந்து திரும்ப வாங்கி, "ரத்து" என்று அடிக்க வேண்டும்.
5. எந்தத் தாள், என்று, யாரிடம் போனது என்று ஒரு ரிஜிஸ்டர்.
6. கணக்கைப் போட்டவரைத் தவிர இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

ஆட்டோகேட் 1982ல் வந்தது. இன்று முப்பரிமாண மாடலில் குழாயும் பீமும் மோதுவதைக் கம்ப்யூட்டரே காட்டுகிறது. ஆனால் நான்காவது விதியை எந்த சாஃப்ட்வேரும் தானாகச் செய்துவிடாது. சைட் ஷெட்டில் ஆணியில் தொங்கும் பழைய தாளைப் பிடுங்க ஒரு மனிதர் வேண்டும்.

கட்டி முடித்ததோடு தாளின் வேலை முடிவதும் இல்லை. நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. பல வருஷம் பூட்டிக் கிடந்த அதே வளாகத்தை சால்காம்ப் வாங்கப்போவதாக 2019ல் செய்தி வந்தது. இப்படிக் கை மாறும் கட்டடத்தில் தரைக்கடியில் கேபிள் எங்கே, எந்தத் தூண் எவ்வளவு தாங்கும் என்று புது முதலாளிக்குச் சொல்வது, கடைசியில் உள்ளது உள்ளபடி வரைந்து வைத்த வரைபடம்தான். அது இல்லையென்றால் உடைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திறப்பு விழாக் கல்வெட்டில் மந்திரி பெயர் இருக்கும், சேர்மன் பெயர் இருக்கும். ரிஜிஸ்டர் எழுதி, பழைய தாளைத் திரும்ப வாங்கிய டிராஃப்ட்ஸ்மேன் பெயர் எந்தக் கல்லிலும் இருக்காது. இரண்டு வருஷத்தில் ஒரு ஆலை எழுந்து, அதன் கூரைக்குக் கீழே ஷிப்டுக்கு ஷிப்டு ஆயிரக்கணக்கானோர் பத்திரமாக வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள் என்றால், அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.