பாட்டன் காலத்துப் புகை

சிரம்பான் முதல் பகாவ் வரை நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களில், "கஞ்சா வெறும் இலைதானே, பாட்டன் காலத்திலேயே இருந்ததுதானே" என்று வாதாடும் பிள்ளைகள் உண்டு. அந்த வாதத்தை இன்று வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

இருந்தது உண்மைதான். 1820களில் சிங்கப்பூரில் கள்ளையும் பங்கியையும் விற்கும் உரிமையை ஆங்கிலேயர் குத்தகைக்கு விட்டார்கள். இந்தியாவிலும் கஞ்சாவுக்கு வரி வாங்கினார்கள். 1893இல் அங்கே அமைத்த விசாரணைக் குழு மறு ஆண்டில் அறிக்கை தந்தது. மிதமாகப் பயன்படுத்துவதால் பொதுவாகப் பெருங்கேடு இல்லை, அளவு மீறினால் கேடு உண்டு என்றது அது. முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றும் சொன்னது.

ஆனால் கஞ்சாவில் போதை தருவது எது என்பதே அக்குழுவுக்குத் தெரியாது. டி.எச்.சி. என்னும் அந்தப் பொருளை இஸ்ரேலிய விஞ்ஞானிகள் 1964இல்தான் பிரித்தெடுத்தார்கள். அதன்பின் பல உண்மைகள் தெளிவாயின. கஞ்சா நினைவாற்றலைக் குறைக்கிறது. கை கால்களின் வேகத்தை மந்தமாக்குகிறது. செம்பனைக் குலையை நீண்ட அரிவாளால் அறுப்பவருக்கும், டிராக்டர் ஓட்டுபவருக்கும் ஒரு நொடித் தாமதம் போதாதா? புகை நெஞ்சில் இருமலையும் சளியையும் வளர்க்கிறது. மூளை வளர்ந்துகொண்டிருக்கும் இளவயதில் அடிக்கடி புகைத்தால், இல்லாத குரல் கேட்பது, காரணமின்றிச் சந்தேகப்படுவது போன்ற மனநோய்க்கு ஆளாகும் அபாயம் கூடுகிறது. சிலரால் நினைத்தாலும் விட முடிவதில்லை.

சட்டமும் பாட்டன் காலத்துச் சட்டமல்ல. நம் நாட்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 1952ஆம் ஆண்டினது. கடத்தலுக்கு 1983இல் மரண தண்டனை கட்டாயமானது. 2023இல் அந்தக் கட்டாயம் நீங்கியது, தண்டனை நீங்கவில்லை. இன்றும் நீதிபதி மரண தண்டனையோ, ஆயுள் சிறையோ விதிக்கலாம். 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல்காரர் என்று சட்டம் அனுமானிக்கிறது. அது கால் கிலோ சீனிக்கும் குறைவான எடை. கூட்டாளிக்காக மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகும் ஒரு பொட்டலம் அவ்வளவு இருக்காதா?

ஆகவே, பெற்றோரே, பிள்ளை தடுமாறினால் லயத்தார் என்ன சொல்வார்களோ என்று மறைக்க வேண்டாம். அடித்து விரட்டவும் வேண்டாம். தாமே முன்வந்து சிகிச்சை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அருகிலுள்ள அரசு கிளினிக்கிலோ, தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்திலோ விசாரிக்கலாம். பாட்டன்மார் காடு வெட்டி, பால்மரம் சீவி நம்மை ஆளாக்கினார்கள். அவர்கள் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைப் புகைக்குப் பறிகொடுக்க வேண்டாம்.