முள்ளிக்குளமும் குதிரைமலையும்

ஊருக்குப் பெயரிட்டோர் ஒருவராகவும், அதனை உலகறியச் செய்தோர் பிறராகவும் இருத்தல் உண்டு. ஸ்பெயின் நாட்டு ஹெரேஸ் நகரை அராபியர் ஷரீஷ் என வழங்கினர். அந்நகரத்துத் திராட்சை மதுவை விரும்பிய ஆங்கிலர் அதனை ஷெரிஸ் என்றழைத்து, பின்னர் ஈற்றெழுத்தைப் பன்மை விகுதியென மயங்கி நீக்கி, ஷெரி என்றனர். ஊர்ப்பெயர் மதுவின் பெயராயிற்று.

மன்னார்க் கரைக்கு அண்மையிலும், அயலார் நாவிற்பட்டுத் திரிந்ததாகக் கருதப்படும் பெயரொன்று உண்டு. முசலிப் பகுதியின் தென்கோடியிலுள்ள முள்ளிக்குளத்துக்குத் தெற்கே, மோதரகம் ஆற்றுக்கு அப்பால், செம்மண் மேடாகக் கடலை நோக்கி நிற்பது குதிரைமலை. செங்கடல் வரியைக் குத்தகை கொண்ட அன்னியுஸ் பிளோகாமுஸ் என்பானின் ஆள் ஒருவன், காற்றால் அலைப்புண்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் ஹிப்புரோஸ் துறையை அடைந்தான் என்று கி.பி. முதலாம் நூற்றாண்டினரான பிளினி எழுதினார். கிரேக்கத்தில் ஹிப்போஸ் குதிரையாதலின், இஃது குதிரைமலையின் மொழிபெயர்ப்பே என்பர் பலர். ஆயினும் மலைக்குரிய கிரேக்கச் சொல் ஓரோஸ். பிளினி தந்த வடிவமோ குதிரைவால் எனப் பொருள்படுவது. மீனொன்றுக்கும் அப்பெயர் உண்டு. ஒப்புமை கவர்ச்சியுடையதேயன்றி முடிந்த முடிபன்று.

முள்ளிக்குளம் என்ற பெயருக்கோ அயலார் துணை வேண்டியதில்லை. முள்ளி இருவகைப்படும். உவர்நீரில் வளர்வது கழிமுள்ளி. நன்னீர் நிலைகளில் வளர்வது நீர்முள்ளி. கரையோர ஊராதலின் முன்னையதே என்று கொள்ளத் தோன்றும். எனினும், ஈழத்தில் குளம் என்பது வயலுக்கு நீர் தேக்கும் ஏரியையே பெரும்பாலும் குறித்தலின், நீர்முள்ளி எனக் கொள்வதே பொருந்தும். வன்னியின் முள்ளியவளை, முள்ளிவாய்க்கால் என்னும் பெயர்களும் இவ்வினத்தனவே.

இவ்வேறுபாடு சிறிதன்று. மன்னார்க் கரையின் வரலாற்றை முத்தோடு தொடங்கி முத்தோடு முடிப்பது வழக்கமாகிவிட்டது. அயலிலுள்ள மறிச்சுக்கட்டியில் 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின்போது பல்லாயிரவர் கூடினர். பருவம் முடிந்ததும் கலைந்தனர். ஆனால் அவ்வூரின் பெயரிலோ முத்தில்லை. நீரை மறித்துக் கட்டிய உழவரின் செயலே அதிற் புலனாகின்றது. முத்து வாங்க வந்தோர் குளம் தோண்டார். முள்ளிக்குளம் என்னும் பெயர், அங்கு மழைநீரைத் தேக்கி, விதைத்து, அடுத்த மழைக்குக் காத்திருந்த நிலைகுடிகளின் சான்றாகும்.

அக்குடிகள் 2007ஆம் ஆண்டு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஊர்நிலம் கடற்படைத் தளமாயிற்று. போர் முடிந்தபின் மீண்டவர்கள், ஊர் எல்லைக்கு அப்பால் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் குடிசையமைத்துத் தங்கினர். தொடர் போராட்டத்தின் பின்னர், 2017இல் நிலத்தின் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. மலங்காட்டில் வாழ்ந்தபோதும் அவர்கள் முள்ளிக்குளத்தார் என்றே அறியப்பட்டனர்.